புத்தக மூட்டையைத் தோளில் சுமந்தவர் – சி.சு. செல்லப்பா

நம் சங்க உறுப்பினர்களில் பணி ஓய்வுக்குப் பிறகு பேனாவைக் கையில் எடுத்தவர்கள் அநேகம். குடும்ப வரலாறு, யாத்திரைக் குறிப்பு, சிறுகதை, சிலர் பெரிய நாவலே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த இதழில் அவ்வப்போது நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு மும்பை, சென்னை, பெங்களூரு, பாலக்காடு என்று பல ஊர்களிலிருந்தும் தொலைபேசியில் கேட்கிறார்கள். எழுதியது தேறுமா என்று யாரிடம் காட்டுவது? பதிப்பகத்தாரிடம் நமக்காகப் பேச ஏஜெண்ட் யாராவது உண்டா? நாமே பணம் போட்டுப் புத்தகம் கொண்டு வரலாமா? கேள்விகள் பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

நான் ரசாயனப் பட்டதாரி. முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஃபைல்களோடு காலம் தள்ளியவன். இலக்கியத்தில் பண்டிதன் அல்லன். ஆனாலும் இந்த மூன்று கேள்விகளுக்கும் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துவிட்டுப் போன ஒரு பெரியவரை அறிவேன். அவர் சி.சு. செல்லப்பா. அவரை நேரில் தரிசிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. அவருடைய நூல்களும், அவரோடு பழகியவர்கள் எழுதி வைத்தவையும்தான் எனக்கு ஆதாரம்.

சின்னமனூரும் வத்தலகுண்டும்

நான் இப்போது வசிப்பது இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளத்தில். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். குமுளி பக்கம், சற்று தூரம் போய் மலை விளிம்பில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். தென்னந்தோப்பும் நெல்வயலுமாக முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் செழித்துக் கிடக்கும் பூமி. கம்பம், உத்தமபாளையம் தாண்டினால் சின்னமனூர். பாண்டியர் செப்பேடுகளால் சரித்திர மாணவர்களுக்கெல்லாம் தெரிந்த ஊர் அது. 1912-ஆம் வருஷம் செப்டம்பர் 29-ஆம் தேதி செல்லப்பா பிறந்தது அங்கேதான். சின்னமனூர் சுப்பிரமணியம் செல்லப்பா என்பதன் சுருக்கமே சி.சு. செல்லப்பா. இன்றைய தேனி மாவட்டம் அப்போது மதுரை ஜில்லாவில் சேர்ந்திருந்தது.

வளர்ந்தது வத்தலகுண்டு. இந்தச் சிற்றூருக்கு ஒரு விசேஷம் உண்டு. தமிழின் முதல் நாவல்களில் ஒன்றான கமலாம்பாள் சரித்திரத்தை எழுதிய பி.ஆர். ராஜமய்யர் அந்த ஊர்க்காரர். தேசபக்தர் சுப்பிரமணிய சிவா அந்த ஊர்க்காரர். செல்லப்பாவுக்கு ஏழு வருஷம் மூத்தவரான பி.எஸ். ராமையாவும் அந்த ஊர்க்காரரே. எழுதுவதையும் தேசத்துக்காக ஜெயிலுக்குப் போவதையும் அசாதாரணமாக நினைக்காத ஊரில் ஒரு பையன் வளர்ந்தால் அவனுக்குத் தைரியம் தானாக வந்துவிடுகிறது. எழுத வருகிறவருக்கு முதலில் வேண்டியது இப்படிப்பட்ட சூழல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லோருக்கும் அது பிறந்த ஊரிலேயே கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் தேடிக்கொள்ள வேண்டும்.

மதுரையில் கல்லூரிப் படிப்பு. காந்தியடிகளிடம் அசைக்க முடியாத பக்தி. 1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். கதர் வேஷ்டியும் எளிய வாழ்க்கையும் கடைசி வரை மாறவில்லை.

மணிக்கொடி கொடுத்த துணை

1930-களின் நடுவில் செல்லப்பாவின் முதல் கதைகள் சுதந்திரச் சங்கு, மணிக்கொடி பத்திரிகைகளில் வெளிவந்தன. மணிக்கொடி 1933-இல் ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவரால் தொடங்கப்பட்டது. 1935-இலிருந்து அதைச் சிறுகதைப் பத்திரிகையாக மாற்றி நடத்தியவர் வத்தலகுண்டு ராமையா. புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி, சிட்டி என்று இன்று நாம் மரியாதையோடு சொல்லும் பெயர்களெல்லாம் அந்த ஏட்டில் ஒன்று கூடின. அவர்களில் இளையவர் செல்லப்பா. சரஸாவின் பொம்மை என்ற கதை அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. 1942-இல் அதே பெயரில் கதைத் தொகுதியும் வந்தது.

மணிக்கொடியில் எழுதியவர்கள் யாரும் சம்பாதித்ததாகத் தெரியவில்லை. பத்திரிகையும் ராமையா கையில் மூன்று வருஷம்தான் நடந்தது. அப்படியானால் அவர்களுக்கு அதனால் என்ன லாபம்? ஒருவர் கதையை மற்றவர் படித்தார்கள், நன்றாயில்லை என்றால் முகத்துக்கு நேரே சொன்னார்கள், மறுபடியும் எழுதினார்கள். முகஸ்துதி இல்லாத அந்தச் சகவாசம்தான் லாபம். அந்தக் கடனை செல்லப்பா மறக்கவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு ராமையாவின் கதைகளை உட்கார்ந்து ஒன்றொன்றாகப் படித்து, ராமையாவின் சிறுகதைப் பாணி என்று ஒரு தனிப் புத்தகமே எழுதினார்.

எழுத்து பிறந்தது

நாடு சுதந்திரம் பெற்ற பிறகு செல்லப்பா சில காலம் தினமணி கதிரில் வேலை பார்த்தார். அதற்குள் தமிழ்ப் பத்திரிகை உலகம் மாறிவிட்டது. வாரப் பத்திரிகைகள் லட்சக்கணக்கில் விற்க ஆரம்பித்தன. தொடர்கதைக்கு ஒரு வாய்ப்பாடு ஏற்பட்டது. அந்த வாய்ப்பாட்டுக்குள் அடங்காமல் எழுதுகிறவனுக்கு இடமே இல்லை.

1959 ஜனவரியில், தம் 46-ஆவது வயதில், செல்லப்பா எழுத்து என்ற மாதப் பத்திரிகையை ஆரம்பித்தார். திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடுதான் ஆபீஸ். ஆசிரியர், பிழை திருத்துபவர், விநியோகிப்பவர் எல்லாம் அவரே. 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடப் போவதில்லை என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டார். விற்பனையைக் கூட்டுவதே எல்லோருடைய கவலையாக இருந்த காலத்தில் இப்படி ஒரு அறிவிப்பைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்த எண்ணிக்கையை எட்டும் நிலையே ஏற்படவில்லை. உண்மைச் சந்தாதாரர்கள் சில நூறு பேர்தான்.

விமரிசனத்துக்காக என்றுதான் அவர் பத்திரிகையைத் தொடங்கினார். ஒரு கதையை எடுத்துக்கொண்டு, எந்தச் சொல் எங்கே ஏன் விழுந்திருக்கிறது, கதாபாத்திரம் எப்படி வளர்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அவர் முறை. அலசல் விமரிசனம் என்று அதற்குப் பெயர் வந்தது. நாங்கள் கல்லூரி ரசாயனக் கூடத்தில் ஒரு உப்பைக் கொடுத்தால், அதைப் படிப்படியாகச் சோதித்து, இன்னின்ன கலந்திருக்கிறது என்று எழுதுவோம். முதல் பார்வையிலேயே ஊகித்து எழுதினால், ஊகம் சரியாகவே இருந்தாலும், மார்க் கிடையாது. செல்லப்பாவின் கட்டுரைகளைப் படித்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. ரசனையை நம்பி முடிவு சொன்ன க.நா. சுப்ரமண்யத்தோடு அவருக்கு இதில் அபிப்பிராய பேதம் இருந்தது. இருந்தும் க.நா.சு. எழுத்து பத்திரிகையில் எழுதினார்.

விமரிசனத்துக்கென்று வந்த பத்திரிகை கடைசியில் புதுக்கவிதைக்குத் தொட்டிலாயிற்று. ந. பிச்சமூர்த்தியின் கவிதைகளை அதில் பார்த்துவிட்டு இளைஞர்கள் எழுத ஆரம்பித்தார்கள். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி பசுவய்யா என்ற பெயரில் எழுதினார். திருவனந்தபுரத்தில் ஆங்கில விரிவுரையாளராக இருந்த டி.கே. துரைஸ்வாமி எழுதினார்; நகுலன் என்று நாம் அறிவது அவரைத்தான். இலங்கைத் திருகோணமலையில் பிறந்த தருமு சிவராமு, அதாவது பிரமிள், அப்போது இருபதைத் தொட்டுக்கொண்டிருந்த பையன். சி. மணியும் எஸ். வைத்தீஸ்வரனும் எழுதினார்கள். வடக்கே மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்த வெங்கட் சாமிநாதன் விமரிசகராக உருவானதும் இதில்தான்.

இவர்களில் யாரும் செல்லப்பாவுக்குச் சொந்தமோ, சிபாரிசோடு வந்தவர்களோ அல்லர். பெயர் தெரியாதவர்கள். வயதையும் படிப்பையும் ஊரையும் பார்க்காமல், தபாலில் வந்த காகிதத்தில் எழுதியிருந்ததை மட்டும் பார்த்து அவர் அச்சில் ஏற்றினார். தமக்கு ஒப்புதல் இல்லாத கருத்துக்கும் பக்கம் ஒதுக்கினார். வாசகர் விவாதத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. முன்கோபக்காரர், பிடிவாதக்காரர் என்று அவரைச் சொல்லுவார்கள். ஆனால் தம்மைக் கண்டித்து எழுதப்பட்டதைத் தம் காசில் அச்சடித்துக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

1962-இல் புதுக்குரல்கள் என்று ஒரு தொகுப்பைக் கொண்டு வந்தார். 24 கவிஞர்கள், 63 கவிதைகள். அன்று அநேகமாக ஒருவரையும் வெளியுலகம் அறியாது. இன்று தமிழ்ப் புதுக்கவிதையின் சரித்திரத்தை அந்தச் சின்னப் புத்தகத்தைச் சொல்லாமல் எழுத முடியாது.

எழுத்து 1970 ஜனவரி வரை, பதினொரு வருஷம், 119 இதழ்கள் வந்து நின்றது. கடைசியில் மாதப் பத்திரிகை காலாண்டுப் பத்திரிகையாகியிருந்தது. கை இருப்பு தீர்ந்தது, சிரத்தை தீரவில்லை.

வாசகரைத் தேடிப் போனவர்

பத்திரிகையோடு எழுத்து பிரசுரம் என்று புத்தக வெளியீட்டையும் நடத்தினார். பிச்சமூர்த்தி, வைத்தீஸ்வரன் போன்றோரின் கவிதை நூல்களும், செல்லப்பாவின் ஜீவனாம்சம் நாவலும் அதில்தான் வந்தன. புத்தகக் கடைக்காரர்கள் இந்த மாதிரிப் புத்தகங்களை வாங்கி வைக்கத் தயங்கினார்கள். அதனால் செல்லப்பா புத்தகங்களைப் பையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸிலும் ரயிலிலும் ஊர் ஊராகப் போனார். கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். பேராசிரியர்களைப் பார்ப்பார், மாணவர்களோடு பேசுவார், வாங்கினால் சந்தோஷம், வாங்காவிட்டால் அடுத்த ஊர். ஒரு புத்தகத்துக்கு எழுத்தாளரும் ஏஜெண்டும் சுமை தூக்குபவரும் ஒருவரே என்று தமிழில் வேறு யாரும் இந்த அளவுக்கு நடந்து காட்டவில்லை.

அவர் சுமந்த புத்தகங்களில் ஒன்று, 1959-இல் எழுத்து பிரசுரமாக வந்த வாடிவாசல். செல்லாயி சல்லிக்கட்டில் காரி என்ற காளையை அடக்க வரும் பிச்சி என்ற வாலிபனின் கதை. ஒரே சாயங்காலத்தில் நடந்து முடியும். அக்கிரகாரத்துப் பிள்ளை ஒருவர் மாட்டின் திமிலையும் கொம்பையும், அடக்குகிறவன் நெஞ்சின் படபடப்பையும் கிட்ட நின்று பார்த்து, அந்த மண்ணின் பேச்சிலேயே எழுதியிருக்கிறார். தமக்குத் தெரிந்த உலகத்தோடு நின்றுவிடாமல் அடுத்த தெருவுக்கும் போய்க் கவனித்துப் பழகினால்தான் இப்படி எழுத முடியும். 2013-இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. அன்று தோள்பையில் போனது இன்று பல பதிப்புகள் கண்டுவிட்டது.

இதற்கெல்லாம் கொடுத்த விலையையும் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. நிரந்தர வருமானம் இல்லை. வீட்டு நகைகள் பத்திரிகைக்குப் போயின என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவையும் பொறுத்துக்கொண்ட அவருடைய தர்மபத்தினி பெயர் எந்த இதழிலும் ஆசிரியர் என்று அச்சாகவில்லை. எழுத்து நடந்ததில் அந்த அம்மாளுக்குப் பாதிப் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

மலைக்கு இந்தப் பக்கம் நடந்தது

செல்லப்பா தனி மனிதராகப் போராடிய காரியத்தை, மலைக்கு இந்தப் பக்கம் கேரளத்தில் வேறு விதமாகச் செய்தார்கள். 1945-இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் சேர்ந்து, 120 ரூபாய் மூலதனத்தில் சாகித்திய பிரவர்த்தக சககரண சங்கம் என்ற கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். எம்.பி. பால் தலைவர்; பள்ளி ஆசிரியரும் சிறுகதை ஆசிரியருமான காரூர் நீலகண்ட பிள்ளை செயலாளர். எழுதுகிறவர்களே பங்குதாரர்கள், அவர்களே பதிப்பாளர்கள். புத்தக விலையில் நூற்றுக்கு 30 வீதம் ராயல்டி கொடுத்தார்கள். நேஷனல் புக் ஸ்டால் என்ற பெயரில் விற்பனைக் கடைகளும் இருந்தன. தகழியும் பஷீரும் வீடுதோறும் வாசிக்கப்பட்டதற்கு இந்தச் சங்கமும் ஒரு காரணம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சிறந்ததைப் பொறுக்கி எடுக்கும் கண்ணும், தாட்சண்யமில்லாத விமரிசனமும் திருவல்லிக்கேணியில் இருந்தன. கணக்கும் கடையும் கோட்டயத்தில் இருந்தன. தமிழில் செல்லப்பாவைச் சுற்றி எழுதியவர்களில் பத்துப் பேர் கோட்டயத்தார் மாதிரி பங்கு போட்டுச் சேர்ந்திருந்தால், ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதர் மூட்டை சுமந்து அலைந்திருக்க வேண்டாம். எழுத்து பத்திரிகையும் இன்னும் கொஞ்ச காலம் நடந்திருக்கும்.

கடைசிக் காலம்

பத்திரிகை நின்ற பின்னும் செல்லப்பா எழுதுவதை நிறுத்தவில்லை. சுதந்திரப் போராட்டத்தைப் பின்னணியாகக் கொண்டு சுதந்திர தாகம் என்ற நாவலை எழுதி வைத்திருந்தார். மூன்று பாகம், ஏறக்குறைய 1800 பக்கம். அவ்வளவு பெரிய நூலை ஏற்று வெளியிட ஆள் கிடைப்பது லேசல்ல. 1997-இல், தம் 85-ஆவது வயதை ஒட்டி, எழுத்து பிரசுரத்தின் பெயரில் அவரே அதைக் கொண்டு வந்தார். பரிசுகளையும் நிதி உதவிகளையும் வேண்டாமென்று சொல்லுவது அவர் சுபாவம். அமெரிக்கத் தமிழர்களின் விளக்கு அமைப்பு விருது அளித்தபோதும், பணத்தைக் கையில் வாங்காமல் அது நூல் வெளியீட்டுக்கே பயன்படும்படி செய்தார்.

1998 டிசம்பர் 18-ஆம் தேதி காலமானார். 2001-ஆம் வருஷத்து சாகித்திய அகாதமி பரிசு சுதந்திர தாகத்துக்குக் கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. இருந்திருந்தால் வாங்கியிருப்பாரோ, அதையும் வேண்டாமென்றிருப்பாரோ!

நம் உறுப்பினர்களுக்கு

முதலில் கேட்ட மூன்று கேள்விகளுக்கு வருகிறேன்.

எழுதியது தேறுமா என்று யாரிடம் காட்டுவது? உறவினரிடம் காட்டினால் பேஷ் என்பார்கள், அதனால் பயனில்லை. அந்தந்த ஊரில் எழுதுகிற நாலைந்து உறுப்பினர்கள் மாதம் ஒரு முறை கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் சத்தமாகப் படித்து, எந்த இடத்தில் அலுக்கிறது, எந்தச் சொல் அநாவசியம் என்று காகிதத்தைத் தொட்டுச் சொல்ல வேண்டும். எழுதினவர் அப்போது பதில் பேசக்கூடாது. சங்கக் கிளைகள் ஒரு ஹாலும் ஒரு டம்ளர் காப்பியும் கொடுத்தால் போதும். செலவில்லாத மணிக்கொடி இது.

ஏஜெண்ட் உண்டா? மேல் நாடுகளில் உண்டு. எழுத்தாளருக்கு வரும் வருமானத்தில் சுமார் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். புத்தகம் விலைபோகும் முன் எழுத்தாளரிடம் பணம் கேட்பவர் நல்ல ஏஜெண்ட் அல்ல. தமிழில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. இங்கே பதிப்பாளருக்கு நாமே நேராக எழுதலாம். அதற்கு முன் அந்தப் பதிப்பகம் வெளியிட்ட நாலு புத்தகத்தை வாங்கிப் படிப்பது மரியாதை மட்டுமல்ல, உபயோகமும் கூட.

பணம் போட்டு வெளியிடலாமா? என் நெருங்கிய உறவினர் ஒருவர் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பெரிய தொகையை ஒரு பதிப்பாளரிடம் கொடுத்தார். 300 பிரதிகள் வந்தன. பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அதைவிட அவருக்கு வருத்தம், கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன இருந்தது என்று படிக்காமல் விட்டது. ஆகவே சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, எழுதினவுடனேயே உரிமை எழுதியவருக்கு ஏற்பட்டுவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. அந்த உரிமை ஆசிரியரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 வருஷத்துக்கும் செல்லும். எழுத்து மூலம் கையெழுத்திட்டுக் கொடுக்காத வரை உரிமை கை மாறாது. கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்தியாவில் அரசாங்க அமைப்பு இலவசமாகவே வழங்குகிறது. அதற்கென்று தனியே பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

சொந்தச் செலவில் போடுவது தவறே அல்ல. செல்லப்பாவும் அதைத்தான் செய்தார். ஆனால் அவர் அச்சடித்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பிரதியையும் படிப்பவர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எத்தனை பேரை நேரில் பார்த்துக் கொடுக்க முடியுமோ அத்தனை பிரதி மட்டும் அச்சடியுங்கள். 100 என்றால் 100. குடும்பச் சேமிப்பைத் தொட வேண்டாம். அந்த விஷயத்தில் மட்டும் செல்லப்பாவைப் பின்பற்றாதிருப்பதே க்ஷேமம்.

இன்னும் ஒரு கடமையும் இருக்கிறது. நம்மில் எழுதிப் பழகியவர்கள், புதிதாக எழுத வரும் இளைஞர்களின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். பெயரையோ கோத்திரத்தையோ பார்க்காமல், எழுத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும். திருகோணமலையிலிருந்து ஒரு பையன் அனுப்பிய காகிதத்தைப் பிரித்து சிரத்தையாகப் படிக்கத் திருவல்லிக்கேணியில் ஒருவர் இருந்தார். அதனால் தமிழுக்கு ஒரு கவிஞர் கிடைத்தார்.